மூட்டை எந்த நிலையில் இருக்கிறது? கிடங்கு மென்பொருளும் கடைசிக் கிராமமும்

சம்பா நடவு முடிந்து மேலுரம் இடும் நாட்களில், பாகூர் பக்கத்து உரக்கடைக்குப் போகிறவர் காதில் விழக்கூடிய பதில் ஒன்று உண்டு: "மூட்டை வந்திருக்கு, மிஷின்ல இன்னும் ஏறல." யூரியா மூட்டைகள் கடைக்குள் அடுக்கியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் பில் போட முடியாது. பயிர் காத்திருக்கிறது, உழவர் காத்திருக்கிறார், மூட்டையும் அங்கேயே இருக்கிறது. கணினிக் கணக்கில் மட்டும் அது இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கிறது.

ஒரு சரக்கு எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது, அடுத்து அதற்கு என்ன நடக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்வதற்காகவே கிடங்கு மென்பொருள்கள் உருவாயின. பெரிய நகரத்துக் குடோனில் பிறந்த அந்த முறை இன்று குருவிநத்தம் போன்ற ஒரு சிற்றூரின் உர மூட்டை, மருந்துப் பெட்டி, பார்சல் வரைக்கும் வந்துவிட்டது. தென்பெண்ணையாற்றின் வடகரையில், புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் தெற்கு விளிம்பில், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் இருக்கிறது இந்த ஊர். ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். ஆர்டரின் நிலையை மென்பொருள் எப்படிப் பின்தொடர்கிறது, எங்கே உண்மையைச் சொல்கிறது, எங்கே தவறுகிறது என்பதை இந்தக் கடைசிப் புள்ளியிலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலைகளின் வரிசை

ஒரு ஆர்டர் கிடங்குக்குள் நுழைந்தது முதல் வாங்குபவர் கைக்குப் போகும் வரை அது கடக்கும் படிகள் எல்லா மென்பொருளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆர்டர் பெறப்படுகிறது. முகவரி, விலை, கடன் வரம்பு சரிபார்க்கப்படுகின்றன. இருக்கும் சரக்கிலிருந்து அந்த ஆர்டருக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்படுகிறது. ரேக்கிலிருந்து சரக்கு எடுக்கப்படுகிறது, பேக்கிங் ஆகிறது, லோடு ஏறுகிறது, அனுப்பப்படுகிறது, கடைசியில் ஒப்படைக்கப்படுகிறது. இந்த நேர்வழிக்குப் பக்கத்தில் சில கிளைவழிகளும் உண்டு: நிறுத்திவைப்பு, பாக்கி, ரத்து, திரும்பி வருதல்.

மென்பொருள் எழுதுபவர்கள் இந்தப் படிகளை ஒரு வரைபடமாக வைத்துக்கொள்வார்கள். எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்பது அதில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். எடுக்கப்படாத சரக்கு அனுப்பப்பட்டதாக மாற முடியாது. ஒப்படைத்த ஆர்டரை ரத்து செய்ய முடியாது. திரும்பி வருதல் என்ற வழியில்தான் அது மீண்டும் கிடங்குக்குள் வர வேண்டும். இந்தக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் நிலை என்பது யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதும் ஒரு கட்டமாகிவிடும்.

இவற்றில் ஒதுக்கீடு என்ற படியை வெளியார் யாரும் பார்ப்பதில்லை. கிடங்கின் நாணயம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. கிடங்கில் 40 மூட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கடை 30 கேட்கிறது, அடுத்த கடை 20 கேட்கிறது. மென்பொருள் மொத்த இருப்பை மட்டும் பார்த்தால் இரண்டு பேருக்கும் "உண்டு" என்று சொல்லிவிடும். அதனால்தான் நல்ல மென்பொருள் கையிருப்பு, ஒதுக்கியது, மீதம் என்று மூன்று எண்களைத் தனித்தனியே வைத்திருக்கும். முதல் ஆர்டருக்கு 30 ஒதுக்கிய அந்த நொடியில் மீதம் 10 ஆகிவிட வேண்டும். இரண்டு ஆர்டர்கள் ஒரே நேரத்தில் வந்தாலும் ஒன்றை முடித்த பிறகே மற்றொன்றைத் தொட வேண்டும்.

எந்தச் சரக்கை ஒதுக்குவது என்பதற்கும் விதி உண்டு. முதலில் வந்தது முதலில் போகட்டும் என்பது பொதுவான வழக்கம். மருந்து, பூச்சிக்கொல்லி, விதை போன்றவற்றில் முதலில் காலாவதியாவது எதுவோ அதுவே முதலில் போக வேண்டும்.

ஒரு ஆர்டருக்கு ஒரே நிலையா?

இந்தத் துறையில் நெடுநாளாக இருக்கும் சிக்கல் இது. ஒரு கடைக்காரர் யூரியா, டி.ஏ.பி., தெளிப்பான், விதைநெல் என்று நான்கு இனங்களை ஒரே ஆர்டரில் கேட்கிறார். மூன்று போய்விட்டன, விதைநெல் வரவில்லை. இந்த ஆர்டர் முடிந்ததா, முடியவில்லையா? ஆர்டர் முழுவதற்கும் ஒரே ஒரு நிலையை வைத்திருக்கும் மென்பொருளால் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. "அனுப்பப்பட்டது" என்றால் விதைநெல் மறைந்துவிடுகிறது. "நிலுவை" என்றால் அனுப்பிய மூன்றும் மறைந்துவிடுகின்றன.

இதற்கான தீர்வு நிலையை ஒவ்வொரு இனத்துக்கும், ஒவ்வொரு அளவுக்கும் தனியாக வைப்பது. ஆர்டரின் மொத்த நிலை அவற்றிலிருந்து கணக்கிட்டு வர வேண்டியது. யாரும் கையால் எழுத வேண்டியதல்ல. பரவலாகப் பயன்படும் மென்பொருள்கள் இதைப் பல விதமாகச் செய்கின்றன. மும்பையில் உருவான திறமூல மென்பொருளான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட், சரக்கு போவதையும் பில் போடுவதையும் இரண்டு தனிப் பாதைகளாகப் பார்க்கிறது. சரக்கும் பில்லும் பாக்கி, பில் மட்டும் பாக்கி, சரக்கு மட்டும் பாக்கி, முடிந்தது என்று அதன் நிலைகள் பிரிகின்றன. பெல்ஜியத்தில் பிறந்த ஓடூ, கேட்ட அளவைவிடக் குறைவாகச் சரக்கு எடுக்கப்பட்டால் மீதிக்குத் தனியாக ஒரு பாக்கி ஆர்டர் போடட்டுமா என்று அங்கேயே கேட்கிறது. பாக்கிக்குத் தனி எண் கிடைத்துவிட்டால் அதை யாரும் மறக்க முடியாது.

நிலைகளை இப்படிப் பிரித்து வைப்பதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு, 2021 டிசம்பர் 31-ல் நிறுவனமாகப் பதிவான, இந்தியாவின் திறந்த வணிக வலைப்பின்னலான ஓ.என்.டி.சி. அதில் வாங்குபவரின் செயலி ஒன்று, விற்பவரின் செயலி வேறு, கொண்டுசேர்ப்பவர் இன்னொருவர். மூன்று தரப்பும் ஒரே மொழியில் பேசியாக வேண்டிய கட்டாயத்தால், ஆர்டரின் நிலையும் கொண்டுசேர்ப்பின் நிலையும் அங்கே தனித்தனி. ஆர்டர் உருவானது, ஏற்கப்பட்டது, நடக்கிறது, முடிந்தது, ரத்து என்பது ஒரு வரிசை. நிலுவை, பேக் ஆனது, ஆள் நியமிக்கப்பட்டது, எடுத்துச் செல்லப்பட்டது, ஒப்படைக்கக் கிளம்பியது, ஒப்படைத்தாயிற்று என்பது இன்னொரு வரிசை. விற்பவரிடமே திரும்பிப் போகும் பார்சலுக்கும் தனிப் பெயர்கள் உண்டு. விற்பனை ஒப்பந்தம் வேறு, சரக்கின் பயணம் வேறு என்று பிரித்த இந்த முறை சரியானது.

பதிவு எப்போது நடக்கிறது?

நிலைக்குப் பெயர் வைப்பது எளிது. அது மாறும் நொடியைப் பிடிப்பது கடினம். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ட்ராய் நகரில் ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் யு.பி.சி. வகைப் பட்டைக்குறியீடு முதல் முறையாகக் கடையில் ஸ்கேன் செய்யப்பட்டது. அதுவரை நிலையை எழுதியது பெரும்பாலும் மனிதக் கை. வேலை ஒரு நேரத்தில் நடக்கும், எழுத்து இன்னொரு நேரத்தில் நடக்கும். ஸ்கேன் வந்த பிறகு சரக்கைத் தொடுவதும் பதிவதும் ஒரே செயலாக முடிந்தது. இந்தியாவில் ஜி.எஸ்.1 அமைப்பு வழங்கும் பட்டைக்குறியீட்டு எண்கள் 890 என்று தொடங்குகின்றன. கடையில் வாங்கும் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்த எண்ணைக் காணலாம்.

ஆனால் ஸ்கேனர் இருந்தால் மட்டும் போதாது. சாயங்காலம் லாரி கிளம்பிய பிறகு, அன்றைய சீட்டுகளையெல்லாம் ஒன்றாக வைத்து வரிசையாக ஸ்கேன் செய்யும் பழக்கம் இருக்கும் கிடங்கில், மென்பொருள் காட்டும் நேரம் எதுவும் உண்மையான நேரம் அல்ல. இதை உணர்ந்த தரநிலைகள் இரண்டு நேரங்களைக் கேட்கின்றன. 2007-ல் வெளிவந்த இ.பி.சி.ஐ.எஸ். என்ற உலகத் தரநிலை ஒவ்வொரு நிகழ்விலும் எது, எங்கே, எப்போது, எதற்காக என்பதைப் பதியச் சொல்கிறது. நிகழ்வு நடந்த நேரமும் அது கணினிக்குள் வந்த நேரமும் அதில் வேறு வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்தாலே ஒரு கிடங்கின் ஒழுங்கு தெரிந்துவிடும்.

இதிலிருந்து இன்னொரு முறையும் வளர்ந்தது. பழைய மென்பொருள்கள் நிலையை ஒரே கட்டத்தில் வைத்து, புதியது வரும்போது பழையதை அழித்தன. புதிய முறையில் எதுவும் அழிவதில்லை. நிகழ்வுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதிகின்றன. கடைசி நிகழ்வே இன்றைய நிலை. தவறு நேர்ந்தால் பழைய வரியை மாற்றாமல் திருத்த வரி ஒன்றைச் சேர்க்கிறார்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் ஒரே ஸ்கேன் இரண்டு முறை போய்ச் சேரலாம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி எண் இருந்தால் இரண்டாவது வந்ததை மென்பொருள் தள்ளிவிடும். அந்த எண் இல்லாவிட்டால் பத்து மூட்டை இருபதாகிவிடும்.

உரம்: பணம் இடம் மாறியபோது

பாகூர் வட்டாரத்தைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வரும் தென்பெண்ணைத் தண்ணீர் பாகூர் ஏரியை நிரப்புகிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவங்கள் தொடர்கின்றன. ஒவ்வொரு பருவத்திலும் உரம் வேண்டும். ஆகவே இந்த மண்ணில் ஆர்டர் நிலை என்பதை மிக அதிகமானோர் தொட்டு உணரும் இடம் உரக்கடைதான்.

உர மானியம் நிறுவனங்களுக்குப் போகிறது. உழவர் குறைந்த விலையில் மூட்டை வாங்குகிறார். முன்பெல்லாம் உரம் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தாலே மானியத்தின் பெரும்பகுதி நிறுவனத்துக்குக் கிடைத்தது. ஆகவே மாவட்டத்துக்கு வந்தது என்ற நிலை ஒழுங்காகப் பதிவானது. அதற்குப் பிறகு மூட்டை எந்தக் கடைக்குப் போனது, எந்த உழவர் வாங்கினார் என்பதில் மானியக் கணக்குக்கு அக்கறை இல்லை. பதிவும் அங்கே மெலிந்தது.

2017-ல் புதுச்சேரியிலும் 2018 தொடக்கத்தில் தமிழ்நாட்டிலும் இந்த முறை மாறியது. கடையில் இருக்கும் விற்பனைக் கருவியில் ஆதார் போன்ற அடையாளத்தால் உழவர் சரிபார்க்கப்பட்டு விற்பனை பதிவான பிறகே நிறுவனத்துக்கு மானியம் என்றானது. மானியம் வாரந்தோறும் கணக்கிடப்படுகிறது. உற்பத்தி ஆலையிலோ துறைமுகத்திலோ தொடங்கி, ரயில் ரேக், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று ஒவ்வொரு கைமாற்றமும் மத்திய அரசின் உர மேலாண்மை மென்பொருளில் ஏறுகிறது. அனுப்பியவர் பதிகிறார், பெறுபவர் தன் கருவியில் அதை ஏற்க வேண்டும். ஏற்காத மூட்டை கடைக்குள்ளேயே இருந்தாலும் அவருடைய இருப்பில் சேராது. "மிஷின்ல ஏறல" என்ற பதிலுக்கு இதுதான் பொருள்.

இந்த மாற்றம் ஒரு பெரிய உண்மையைக் காட்டுகிறது. எந்த நிலையில் பணம் கைமாறுகிறதோ, அந்த நிலைதான் கவனமாகப் பதியப்படுகிறது. பணம் மாவட்டத்திலிருந்து கடைக்கு நகர்ந்ததும் பதிவின் கூர்மையும் கூடவே நகர்ந்தது. மென்பொருளின் அழகான திரையோ விலை உயர்ந்த கருவியோ இதைச் செய்யவில்லை.

இதன் மறுபக்கமும் அங்கேயே இருக்கிறது. விற்றுவிட்டு பில் போடாத மூட்டை கருவியில் இருப்பாகவே தொங்கும். விற்காமல் பில் போட்டால் இருக்கும் மூட்டை இல்லாததாகும். ஆய்வுக்கு வரும் வேளாண் அலுவலர்கள் கருவியின் இருப்பையும் தரையில் இருக்கும் மூட்டைகளையும் ஒப்பிட்டு எண்ணுவது இதனால்தான். எண்ணிப் பார்க்கும் வழக்கம் இல்லாத இடத்தில் எந்த மென்பொருளின் நிலையையும் நம்ப முடியாது.

மருந்து: பரிசோதனை முடியும் வரை

பணம் கட்டிய நிலையே கவனமாகப் பதிவாகும் என்பதற்கு அக்கரையில், தமிழ்நாட்டில் இன்னொரு எடுத்துக்காட்டு உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் இந்தக் கழகம், தொடக்க ஆண்டுகளிலிருந்தே மாவட்டக் கிடங்குகளின் இருப்பைக் கணினியில் வைத்து நடத்தியது. பின்னால் கேரளமும் ராஜஸ்தானும் தங்கள் மருந்துக் கழகங்களை அமைக்க இதையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டன.

இங்கே கவனிக்க வேண்டியது, மருந்து கிடங்குக்குள் வந்தாலும் உடனே வழங்கத் தக்க இருப்பில் சேர்வதில்லை என்பது. வந்த பேட்ச் முதலில் தனித்து வைக்கப்படுகிறது. கிடங்குகளிலிருந்து மாதிரிகள் எடுக்கப்பட்டு, தயாரிப்பாளர் யார் என்று ஆய்வகத்துக்குத் தெரியாதபடி குறியீடு இட்டு அனுப்பப்படுகின்றன. தேறிய பிறகே அந்த பேட்சின் நிலை மாறி, மருத்துவமனைகளுக்குப் போகும் வழி திறக்கிறது. மருந்து கொடுத்த நிறுவனத்துக்குப் பணம் கிடைப்பதும் தரச்சோதனையில் தேறிய பிறகுதான். உரத்தில் விற்பனை என்ற படியில் பணம் கட்டப்பட்டிருப்பது போல, இங்கே தரம் என்ற படியில் கட்டப்பட்டிருக்கிறது.

கழகத்தின் இன்னொரு ஏற்பாடு பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு தொகை ஒதுக்கப்பட்டு, வாங்கிய மருந்தின் மதிப்பு அதில் கழிக்கப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்து மருந்தாளுநர் தன் கையில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று தானே பார்க்க முடிந்தது. ஆர்டர் கொடுப்பவருக்குத் தன் உரிமை தெரிந்திருந்தால், கிடங்கு சொல்லும் பதிலை அவர் கேள்வி கேட்க முடியும். காகிதத்தில் இருந்த அந்தத் தெளிவு கணினிக்கு மாறும்போது குறையக்கூடாது.

எல்லையில் ஒரு முகவரி

குருவிநத்தத்துக்கு வரும் பார்சல் மென்பொருளுக்கு ஒரு நல்ல சோதனை. 1972 ஆகஸ்ட் 15-ல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு முறையில், முதல் மூன்று இலக்கங்கள் தபால் பிரிக்கும் வட்டாரத்தைச் சொல்கின்றன. புதுச்சேரி நகரம் 605 வரிசையில் இருக்கிறது. பாகூர்ப் பகுதிக்கோ கடலூரின் 607 வரிசை. அதாவது பார்சலின் வழி கடலூரைச் சேர்ந்தது. வரிக்கணக்கில் வேறு கதை: ஜி.எஸ்.டி.யில் தமிழ்நாட்டின் எண் 33, புதுச்சேரியின் எண் 34. கடலூர்க் கிடங்கிலிருந்து ஆற்றைத் தாண்டி வரும் சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்காகிறது. அதற்கு ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. போட வேண்டும். மதிப்பு ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். மாநிலங்களுக்கிடையே இந்த விதி 2018 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது.

அஞ்சல் குறியீட்டைப் பார்த்து மாநிலத்தை ஊகிக்கும் மென்பொருள் இங்கே தவறும். வரி தவறினால் பில் தவறும். பில் நின்றால் ஆர்டர் நிறுத்திவைப்பில் போய் விழும். முகவரியின் வழியையும் மாநிலத்தையும் இரண்டு தனிச் செய்திகளாக வைத்திருப்பதே சரி. காரைக்கால், மாஹே, யானம் என்று சிதறிக் கிடக்கும் புதுச்சேரிக்குச் சரக்கு அனுப்பும் எவரும் இதைக் கவனிக்க வேண்டும்.

இ-வே பில் விதியிலேயே இன்னொரு செய்தி இருக்கிறது. சரக்கைப் பெறுபவர் அதை ஏற்கவோ மறுக்கவோ 72 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. சரக்கு அதற்கு முன்பே வந்து சேர்ந்தால் அவகாசமும் அதோடு முடிகிறது. அவர் எதுவும் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். வரி நிர்வாகத்துக்கு இது வசதி. கிடங்கு மென்பொருள் இதே பழக்கத்தைப் பின்பற்றினால், பெறுபவரின் மௌனம் ஒப்படைப்புக்குச் சாட்சியாகிவிடும். வந்து சேராத பார்சலுக்கு "ஒப்படைக்கப்பட்டது" என்ற குறுஞ்செய்தி வரும் துன்பம் இந்த வகையான ஊகத்தில்தான் பிறக்கிறது. பெறுபவர் சொல்லும் ஒருமுறை எண்ணோ (ஓ.டி.பி.) கையெழுத்தோ இல்லாமல் அந்த நிலை மாறக்கூடாது.

வழி தவறும் ஆர்டர்கள்

நேர்வழியில் போகும் ஆர்டரை எந்த மென்பொருளும் பின்தொடர்ந்துவிடும். தடை வரும்போதுதான் அதன் தரம் தெரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்தது. பாகூர் கொம்யூனின் கரையோர ஊர்களைத் தண்ணீர் சூழ்ந்தது. அப்படிப்பட்ட நாட்களில் பாதை இருக்காது, மின்சாரம் இருக்காது, சிக்னல் இருக்காது. அப்போது மென்பொருளிடம் கேட்க வேண்டியவை: இணைப்பு இல்லாதபோதும் கைக்கருவியில் பதிய முடிகிறதா? பின்னால் இணைப்பு வந்ததும் உண்மையான நேரத்தோடு அது போய்ச் சேருகிறதா? தாமதம் என்று மட்டும் காட்டாமல் காரணத்தையும் சொல்கிறதா? நனைந்த மூட்டையை நல்ல இருப்பிலிருந்து பிரித்து வைக்கத் தனி நிலை இருக்கிறதா?

திரும்பி வரும் சரக்கும் இப்படித்தான். அனுப்பும்போது பத்துப் படிகளில் கவனமாகப் பதிந்த கிடங்கு, திரும்பி வந்ததை ஒரு மூலையில் போட்டு, நாள் கழித்து ஒரே வரியில் முடித்துவிடும். காரணம் முன்பு சொன்னதுதான்: அந்தப் படியில் யாருக்கும் பணம் வருவதில்லை.

செய்ய வேண்டியது

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் சிறு மொத்த வியாபாரிகளும் இனி இத்தகைய மென்பொருளைத் தவிர்க்க முடியாது. வாங்கும்போது திரையின் நிறத்தையும் அறிக்கைகளின் எண்ணிக்கையையும் பார்ப்பதைவிட, ஒவ்வொரு நிலையையும் எடுத்து மூன்று கேள்விகள் கேட்பது நல்லது. இந்த நிலை எந்தச் சாட்சியால் மாறுகிறது? மாற்றியவர் யார்? இதற்குப் பிறகு பொறுப்பு யாருடையது? மூன்றில் ஒன்றுக்காவது பதில் இல்லாத நிலை வெறும் பெயர்தான்; அதை நீக்கிவிடலாம். இருபது பெயர்கள் வைத்து ஒன்றையும் சரியாகப் பதியாமல் இருப்பதைவிட, ஏழு நிலைகளை நாணயமாகப் பதிவது மேல்.

அதற்கு மேல் ஒரு படி உண்டு, அதை எந்த நிரலாளரும் நமக்காக எழுதித் தர முடியாது. உரமும் மருந்தும் காட்டிய வழியில், பணத்தைச் சரியான நிலையில் கட்ட வேண்டும். கிடங்கிலிருந்து லாரி கிளம்பியதுமே வாடகையும் கமிஷனும் முழுவதும் கொடுக்கப்பட்டால், கிளம்பியது என்ற பதிவு மட்டுமே துல்லியமாக இருக்கும். குருவிநத்தத்தில் பெறுபவர் எண்ணிப் பார்த்து, குறைவு, சேதம் இருந்தால் அதையும் எழுதி ஏற்ற பிறகே போக்குவரத்துப் பில்லின் ஒரு பகுதி செலுத்தப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதட்டும். திரும்பி வரும் சரக்கைப் பிரித்து வைக்கும் ஊழியரின் நேரத்துக்கும் கூலி இருக்கட்டும். கிராமத்துக் கடைசி ஏற்பில் பணம் காத்திருக்குமானால், அனுப்பியவரும் கொண்டுவருபவரும் அந்த ஏற்பு உண்மையாகவும் நேரத்தோடும் பதியப்படுவதைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.